முயல் ரோமத்தில் ஒரு தாய்மாமன் தொப்பி

1

“அன்பளிப்பா, விற்பனைக்கா, சொந்த உபயோகத்துக்கா?”

போன வருஷம் சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என்னைக் கேட்ட கேள்வி இது. இன்று வரை எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கையில் சாம்பல் நிறத்தில் ஒரு கூம்பு தொங்கிக்கொண்டிருந்தது. விளிம்பு கிடையாது, மடிப்பு கிடையாது. பெரிய வெங்காயத்தைத் தோல் உரித்து, தோலை மட்டும் நிறுத்தி வைத்ததுபோல் இருக்கும்.

“என்னம்மா இது?”

“தொப்பி சார்.”

“இதுவா தொப்பி?”

“இனிமேல்தான் ஆகணும் சார். இது ஃபெல்ட். முயல் ரோமத்தை அமுக்கிச் செய்தது. மதுரையில் கொடுத்து, என் அண்ணன் தலைக்கு அளவெடுத்துத் தொப்பி செய்யப் போகிறோம்.”

“அண்ணனுக்குன்னா அன்பளிப்பு. அப்படித்தானே?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நான் படிவம் நிரப்பும்போது பொய் வந்துவிடக்கூடாது என்று பயப்படுகிறவள். அண்ணன் கேட்டா வாங்கினேன்? இல்லை. இந்தத் தொப்பி இல்லாவிட்டால் யாருடைய விசேஷம் நின்றுபோகும்? என்னுடையது. அப்படியென்றால் சொந்த உபயோகமா? பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசையில் இருந்தவர் சத்தம் போட்டார். அதிகாரி என் கையிலிருந்து படிவத்தை வாங்கி, ஏதோ ஒரு கட்டத்தில் அவரே குறி போட்டு அனுப்பிவிட்டார். எந்தக் கட்டம் என்று நான் பார்க்கவில்லை.

2

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊர். என் கணவர் பெயிண்ட் கம்பெனியில் ரசாயனம் பார்க்கிறார். வாரத்தில் ஐந்து நாள் மழை. மீதி இரண்டு நாள் மழை வரும்போல இருக்கும். வியாழக்கிழமை காலையில் மட்டும் எனக்கு ஒரு தனி வேலை உண்டு. மூத்தவள் கயலின் காதில் இருக்கும் தோட்டின் மேல் பிளாஸ்திரி ஒட்டுவது. பள்ளியில் அன்று உடற்பயிற்சி வகுப்பு. தோடு எதிலாவது மாட்டிக்கொள்ளும் என்று சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். “கழற்றி அனுப்பலாமே” என்று ஆசிரியை நயமாகத்தான் சொன்னார். அது தாய்மாமன் போட்ட தோடு, ஒரு வருஷமாவது கழற்றக்கூடாது என்பதை ஆங்கிலத்தில் விளக்கப் போய், “இவளுடைய மாமாதான் இவள் காதைக் குத்தினார்” என்று சொல்லி முடித்தேன். அந்த அம்மாள் முகம் வெளுத்துவிட்டது. அதற்குப் பிறகு தோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. என்னைத்தான் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார்.

எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். மாமனைப் பலகையில் உட்காரவைத்து, எல்லோர் முன்னாலும் தலையில் உருமா கட்டி, பிள்ளையை மடியில் வைத்த பிறகுதான் ஆசாரி ஊசியை எடுப்பார். உருமா என்றால் புது வேட்டியைத் தலைப்பாகையாகச் சுற்றுவது. மாமன் இல்லாமல் காது குத்தலாம். ஆனால் அதைப் பற்றி முப்பது வருஷம் பேசுவார்கள்.

கயலுக்கு மாமன் ஒருவன்தான். என் அண்ணன் சோலை. அம்மா அப்பா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் வில்லாபுரத்தில் அவன் வீடுதான். நான்கு வருஷத்துக்கு முன் கப்பலூரில் அவன் வேலை பார்க்கும் பட்டறையில், ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் தலைத்துண்டு சிக்கியது. துண்டோடு வலப்பக்கத்து முடியும் தோலும் போய்விட்டன. உயிருக்கு ஒன்றும் இல்லை, வேலையும் போகவில்லை. ஆனால் அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்து பளபளப்பாக ஆகிவிட்டது. துணி இறுக்கினால் எரியும். அன்றிலிருந்து தலையில் ஒரு பூத்துண்டைத் தளரப் போட்டுக்கொண்டே இருக்கிறான். வீட்டில் சாப்பிடும்போதுகூட எடுப்பதில்லை என்று மதினி எழுதியிருந்தாள்.

கயலுக்கு மூன்று வயதில் செய்ய முடியவில்லை. நான்கு இரட்டைப்படை, ஆகாது. ஐந்தில் செய்துவிடுவோம் என்று நாள் பார்த்து அண்ணனுக்கு எழுதினேன். பதில் வந்தது. “நான் வரலை சாந்தி. பெரியப்பா மகன் மடியில உக்கார வச்சுக்க. உருமா கட்டணும்னா துண்டை எடுக்கணும். ஊரே நிக்கும். கோவிச்சுக்காத.”

நீலக் கடித உறையின் ஓரத்தில் வேறொரு கையெழுத்து நெருக்கமாக இருந்தது. அண்ணனின் கூட்டாளி இஸ்மாயில் பாய். தெற்கு வாசல் பக்கம் தொப்பிக் கடை வைத்திருப்பவர். தொழுகைத் தொப்பி தைப்பது அன்றாடம். கொடைக்கானல் எஸ்டேட்காரர்களுக்கும் பேண்டு வாத்தியக்காரர்களுக்கும் தலை அளவெடுத்து வட்டத் தொப்பி செய்வது பெருமைக்கு.

“தங்கச்சி, உங்க அண்ணனுக்கு நான் ஒரு தொப்பி செஞ்சேன். இங்க கெடைக்கிறது கம்பளி ஃபெல்ட். கனம், குத்தல், வேர்வை. அரை நாள்ல கழட்டி எறிஞ்சுட்டான். நயமான முயல் ரோம ஃபெல்ட் ஒண்ணு கெடைச்சா இறகு கனத்துல செஞ்சு தாரேன். உருமாவுக்குப் பதிலா அதை வைக்கலாம். துண்டை எடுக்க மறைவா ஒரு நிமிஷம் போதும். நீங்க இருக்கிற நாட்டுலதான் அது கெடைக்கும். ஏமாந்துறாதீங்க. கலப்படம் உண்டு. ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க, ஊறாம உருளணும்.”

கூடவே ஒரு நூல். நான்கு முடிச்சுகள். அண்ணனின் தலை அளவு.

3

பெரிய கடை ஒன்றில் துணிப் பிரிவில் ஃபெல்ட் என்று கேட்டேன். பிள்ளைகள் வெட்டி ஒட்டி விளையாடும் வண்ணத் தாள்போல ஒன்றைக் காட்டினார்கள். சந்தையில் ஒருவர், “இது சுத்த ரோமம்” என்று ஒரு கூம்பைத் தந்தார். கழுத்தில் வைத்துப் பார்த்தேன். குத்தியது. பாய் எழுதியிருந்த சோதனைப்படி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். ஊறி உள்ளே போய்விட்டது. கம்பளி. அந்த மனிதருக்கு என் மேல் கோபம். அவர் சரக்கை நான் நனைத்துவிட்டேனாம். அன்று முழுவதும், வாங்காமல் நனைத்தது தப்போ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் ஒருகாலத்தில் தெருவுக்கு ஒரு தொப்பி ஆலை இருந்ததாம். இப்போது ஒன்றுதான் ஓடுகிறது. தொலைபேசியில் பேசினேன். வடிவம் கொடுக்காத ஃபெல்ட்டை அவர்கள் ‘பாடி’ என்று சொல்வார்கள் என்று பாய் எழுதியிருந்ததால், “என் அண்ணனுக்கு ஒரு நல்ல பாடி வேண்டும்” என்றேன். அந்தப் பக்கத்துப் பெண் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, டஜனுக்குக் குறைந்து தருவதில்லை என்றாள். ஓர் அண்ணன்தான் இருக்கிறான் என்றேன். “நேரில் வாருங்கள்” என்று சொன்னாள், இருமலா சிரிப்பா என்று தெரியாத குரலில்.

ஆலையில் ஃபிராங்க் என்பவரிடம் அனுப்பினார்கள். மேசைமேல் ஐந்து கூம்புகளை வரிசையாக வைத்தார். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். “கண்ணை மூடிக்கொள்ளுங்கள், கன்னத்தால் பாருங்கள்” என்றார். முதலாவது கொஞ்சம் முரடு. இரண்டாவது தேவலை. நான்காவதை வைத்தபோது, கயல் பிறந்த மறுநாள் அவள் பிடரியில் முகம் வைத்த ஞாபகம் வந்தது. “இது” என்றேன்.

முயலின் மேல் முடியை நீக்கிவிட்டு அடியில் இருக்கும் மெல்லிய ரோமத்தை மட்டும் எடுத்து, வெந்நீரிலும் ஆவியிலும் அமுக்கி அமுக்கிச் செய்வதாம் அது. நெசவு கிடையாது. தண்ணீர் விட்டார். தாமரை இலை மேல் மழைத்துளிபோல உருண்டு ஓடியது. மாதிரிக்கு வைத்திருந்த அந்த ஒன்றை, யாருக்கு, எதற்கு என்று கேட்டுக்கொண்டு கொடுத்தார். தலையில் காயம்பட்ட அண்ணன், காதுகுத்து, மடி எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ. “அந்தத் தொப்பிக்காரர் விவரமானவரா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவரை நான் பார்த்ததே இல்லை.

4

இனிச் சொல்லப்போவது என் புத்தியின் லட்சணம்.

வில்லாபுரம் போய் இறங்கிய மறுநாள். காதுகுத்துக்கு நான்கு நாள் இருந்தது. அண்ணன் கூம்பைக் கையில் வாங்கி, தடவிப் பார்த்து, “பூனைக்குட்டி மாதிரில்ல இருக்கு” என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். சாயங்காலம் பாயிடம் கொடுக்கலாம் என்று பட்டறைக்குப் போய்விட்டான்.

நானும் மதினியும் விசேஷத்துக்கு எடுத்த புதுத் துணிகளுக்கெல்லாம் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தோம். புதுத் துணி என்றால் முனையில் துளி மஞ்சள் வைக்காமல் உடுத்தக்கூடாது. எல்லாம் முடிந்தது. கூம்பு மட்டும் மிச்சம்.

“மதினி, இதுக்கு வைக்கணுமா?”

“தலைல வைக்கப் போறதுதானே? பின்ன?”

“இதுக்கு முனையே இல்லையே. வட்டமால்ல இருக்கு.”

மதினி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “உச்சில வையி. அதான் முனை.”

வைத்தேன். சாம்பல் நிறத்தின் நடு உச்சியில் மஞ்சள் பொட்டு பளிச்சென்று நின்றது. அண்ணனே நாலு பேர் பார்வைக்குப் பயந்தவன். அவன் தலை உச்சியில் இப்படி ஒரு பொட்டா? பதறிப்போய் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை. ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது.

மஞ்சளும் காரமும் சேர்ந்தால் சிவப்பாகும் என்று மூன்று வருஷம் கல்லூரியில் ரசாயனம் படித்தவள் நான். வீட்டில் ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் படிக்காமலே தெரியும். எனக்கு அந்த நேரத்தில் இரண்டும் ஞாபகம் வரவில்லை. காயம்பட்ட தலைக்கு வாங்கிய தொப்பியில் ரத்தக் கறை என்றுதான் தோன்றியது. உட்கார்ந்து அழுதேன்.

“ஏத்தா, என்னத்துக்கு இம்புட்டு அழுகை? ஒத்தப் பொட்டா இருந்தாத்தான குத்தம்? முழுசா முக்கிரு” என்றாள் மதினி.

அண்டாவில் வெந்நீர் இருந்தது. மஞ்சளைக் கொட்டி, சிவப்பு போக இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து, கூம்பை முழுதாக முக்கினோம். எடுத்தால் சாமந்திப்பூ நிறம். சீராகப் பிடித்திருந்தது. காய வைக்கக் கொடியில் தொங்கவிட்டால் இழுத்துக்கொள்ளும் என்று, மதினி அதைக் கவிழ்த்த பித்தளைக் குடத்தின் மேல் மாட்டி வெயிலில் வைத்தாள்.

மூன்று மணிக்கு எடுத்தபோது அது கூம்பாக இல்லை. குடமாக இருந்தது. குடத்தின் அடிவளையம்கூட உச்சியில் அச்சாகப் பதிந்திருந்தது.

அண்ணன் வந்தான். நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பார்த்தான். துண்டுக்கு மேலேயே அதை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டான்.

“தண்ணி லாரி வந்துருச்சுன்னா சொல்லுங்க. வரிசையில நின்னு பிடிச்சுட்டு வாரேன்.”

மதினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அண்ணன் அந்தக் குடத்தொப்பியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு என்னைத் தெற்கு வாசலுக்குக் கூட்டிப்போனான்.

5

இஸ்மாயில் பாய்க்கு நாற்பது வயது இருக்கும். கடைக்குள் வெறுந்தலையோடு இருந்தார். தொப்பி செய்கிறவருக்குத் தொப்பி போட நேரம் இல்லையாம். பொட்டலத்தைப் பிரித்ததும் மோந்து பார்த்தார்.

“என்ன மாப்ள, பிரியாணிக்கா கொண்டாந்த?”

“எந்தங்கச்சி பி.எஸ்ஸி. ரசாயனம் பாய். அதான்” என்றான் அண்ணன்.

நான் நடந்ததைச் சொன்னேன். வெந்நீர் என்றதும் பாய் நிமிர்ந்தார்.

“கொதிச்ச தண்ணியா?”

“கை பொறுக்காத சூடு.”

“அப்புறம் வெயில்ல?”

“ஆமா.”

விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். உருண்டது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

“கம்பளியா இருந்தா இந்நேரம் கொழுக்கட்டை சைஸுக்குச் சுருங்கிப் போயிருக்கும் தங்கச்சி. இது குடத்தைக் குடமாவே பிடிச்சிருக்கு பாருங்க. மாஷா அல்லா, அசல் சரக்கு. எந்தக் கடையிலயும் யாரும் இப்படிச் சோதிச்சு வாங்க மாட்டாங்க.”

“அப்ப தொப்பி ஆகுமா?”

“குடமா ஆனது தொப்பியா ஆகாதா? ஆவியில காட்டினா பழசை மறந்துரும்.”

“மஞ்சள்?”

“அது மறக்காது.”

அடுத்த இரண்டு நாள் சாயங்காலமும் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். தேவையே இல்லை. ஆனால் நான் பார்க்காவிட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. பாய் கெட்டில் ஆவியில் ஃபெல்ட்டைக் காட்டி, இளகியதும் மர அச்சின் மேல் இழுத்துக் கட்டினார். அச்சின் வலப்பக்கத்தில் மட்டும் ஒரு விரல் கனத்துக்குத் துணி வைத்து மேடு கட்டியிருந்தார். அந்த இடத்தில் தொப்பி தோலைத் தொடாமல் நிற்கும். தொப்பியின் உள்பட்டைத் தோலையும் அங்கே வெட்டிவிட்டு மெல்லிய மல் துணி வைத்துத் தைத்தார். கடைசியில் அண்ணனைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

“என்ன மாப்ள, கனக்குதா?”

“வச்சிட்டியா பாய்?”

“வச்சு அஞ்சு நிமிஷமாச்சுடா.”

6

என் புகுந்த வீட்டுக் குலதெய்வம், நாகமலை புதுக்கோட்டை தாண்டி ஒரு கிராமத்துக் கண்மாய்க்கரையில் இருக்கிறது. வேனுக்குள்ளேயே அண்ணன் துண்டை எடுத்துவிட்டுத் தொப்பியை வைத்துக்கொண்டான். கீழே இறங்கியதும் ஆரம்பித்துவிட்டார்கள்.

“என்னப்பா சோலை, கொடைக்கானல் தொரை மாதிரி வார!”

“தொரைக்கு எங்கய்யா மஞ்சத் தொப்பி? சாமியாடிக்குத்தான்.”

என் மாமனாருக்கு ஒரு சந்தேகம். செத்த பிராணியின் ரோமத்தைச் சாமி முன்னால் தலையில் வைக்கலாமா என்று பூசாரியைக் கேட்டார். இந்தச் சந்தேகம் எனக்கும் இங்கிலாந்திலேயே வந்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். பூசாரி மரத்தடியில் கட்டியிருந்த மூன்று கிடாக்களைக் காட்டினார். “இத வெட்டினா சந்தோசப்படுற சாமி, அதுக்கா கோவிச்சுக்கும்? மஞ்சள்ல நனைச்சு வேற வச்சிருக்கீக. உக்காரச் சொல்லுங்க.”

அண்ணன் பலகையில் உட்கார்ந்தான். உருமா கட்டும் நேரத்தில் என் மாமனார் தொப்பியைத் தொட்டு, சும்மா சரிசெய்வதுபோல் செய்து, சடங்கை முடித்தார். மடியில் கயல். ஆசாரி ஊசியை எடுத்தார்.

“நோ, தேங்க் யூ” என்றாள் என் மகள்.

“என்னங்கிறா?” என்றார் ஆசாரி.

“வேணாங்கிறா. மரியாதையாச் சொல்றா” என்றான் அண்ணன்.

ஊசி கிட்டே வந்தது. கயல் ஒரே எட்டில் மாமன் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். தாடை வரைக்கும் மூடிவிட்டது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். காது, கண், மூக்கு ஒன்றும் இல்லை. மடியில் ஒரு மஞ்சள் தொப்பி மட்டும் உட்கார்ந்திருந்தது.

“தொப்பிக்கா காது குத்தச் சொல்றீக?” என்று ஆசாரி கேட்டதும் கூட்டம் வெடித்துச் சிரித்தது. எல்லோரும் தொப்பியைத்தான் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா முறுக்கை நீட்டினாள். இன்னொருத்தி பேரைச் சொல்லிக் கொஞ்சினாள். தொப்பிக்குள்ளிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்துகொண்டிருந்தது.

நான் ஒருத்திதான் அண்ணன் தலையைப் பார்த்தேன். வெயிலில் அந்த இடம் பளபளத்தது. என் கையில் அவனுடைய பூத்துண்டு இருந்தது. வேனிலிருந்து எடுத்து வந்திருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, அவன் தலையில் துண்டைப் போடப் போனேன்.

அவன் என் கையைத் தள்ளினான்.

“சும்மா இரு புள்ள. காத்து வருது.”

பிறகு தொப்பியை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தான். காது மட்டும் வெளியே வந்தது. கண் உள்ளேயே இருந்தது. “மாமா தொப்பியப் பிடிச்சுக்கிறேன். நீ உள்ள இரு” என்றான். ஒரு காது ஆயிற்று. ஓர் அலறல். மறு காது ஆயிற்று. இன்னோர் அலறல். அது முடிந்த பிறகும் கிடா விருந்து வரைக்கும் தொப்பி அவளிடம்தான் இருந்தது. அண்ணன் வெறுந்தலையோடு பந்தி விசாரித்தான். ஒருத்தர் கேட்டார், “என்னப்பா தலைல?” “பெல்ட்டு இழுத்துருச்சுண்ணே. கறி போடச் சொல்லவா?” என்றான்.

நான் துண்டை மடித்து, யாருக்கும் தெரியாமல் பைக்குள் வைத்தேன்.

7

இங்கே திரும்பி வந்த பிறகு எங்களுக்கு இரண்டாவது மகள் பிறந்தாள். அவளுக்கு முதல் வருஷத்திலேயே, பதினோராவது மாதத்தில் காதுகுத்து என்று முடிவுசெய்து டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. போன வாரம் அண்ணனிடமிருந்து கடிதம்.

“சின்னவளுக்கு உருமாவே கட்டுங்க. மாமனுக்கு உருமாதான் அழகுன்னு உங்க மதினி சொல்றா. வலப்பக்கம் இறுக்காம மெல்லக் கட்டச் சொல்லு. அது போதும்.”

படித்துவிட்டுச் சந்தோஷமாகத்தான் இருந்தேன், ஒரு பத்து நிமிஷம். பிறகு ஆரம்பித்துவிட்டது. எரிச்சல் நின்றுவிட்டதா என்று அவன் எழுதவில்லை. எனக்காகச் சொல்கிறானா, நிஜமாகவே சொல்கிறானா? இறுக்காமல் கட்டினால் உருமா நிற்குமா? கட்டுகிறவர் என் மாமனார். கை பலமுள்ளவர்.

அன்று சாயங்காலமே ஃபிராங்கிடம் போனேன். ஆலை மாதிரிகளில் இன்னொன்று இருக்கிறது. அரக்கு நிறம், போன தடவையைவிட மெல்லிசு. எனக்காக எடுத்து வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அதை எடுத்துக்கொண்டு போனால், ‘நீ மறைத்துக்கொண்டே வா’ என்று நான் மறுபடியும் சொன்னதுபோல் ஆகிவிடுமா? எடுக்காமல் போய், நாலு பேர் நடுவில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அதை நான் எப்படிப் பார்ப்பேன்? என் கணவரைக் கேட்டால், “அவர்தான் எழுதிவிட்டாரே, விடு” என்கிறார். ஆண்களுக்கு எல்லாம் எழுதியதோடு முடிந்துவிடுகிறது.

அண்ணன் தம்பியோடு பிறந்த அக்கா தங்கைகளே, உங்களைத்தான் கேட்கிறேன். வாங்கட்டுமா, வேண்டாமா? வாங்கினால் முதலிலேயே காட்டுவதா, உருமா கட்டிய பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் காட்டுவதா? தழும்புள்ள தலையில் வலிக்காமல் உருமா கட்டத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், எந்தத் துணியில், எத்தனை சுற்று, எந்தப் பக்கம் முடிச்சு என்று விவரமாக எழுதுங்கள். என் மாமனாருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.